வாயுள்ள பிள்ளை

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்கள். ஆனால் அதே பாட்டிமார்கள், பெரியவர்கள் எதிரில் வாய் திறந்த பிள்ளையை "வாயாடி" என்று சொல்லித் தலையில் குட்டவும் தவறியதில்லை. பிள்ளைக்கு வாய் வேண்டுமா, வேண்டாமா என்ற இந்தச் சந்தேகம் நமக்கு வெகு நாளாக இருந்து வந்தது. சமீபத்தில் நடந்த ஒரு சிறு சம்பவம் அதைத் தீர்த்து வைத்தது. தீர்த்து வைத்ததோடு நில்லாமல், நமக்குப் பெரிய தலைக்குனிவையும் உண்டாக்கிற்று. அதை நேயர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுவதே நலம் என்று தோன்றுகிறது.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இரண்டாவது ஷிப்டு முடியும் நேரத்தில், அந்தப் பக்கத்துச் சாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆவடிப் பக்கமும் பூந்தமல்லிப் பக்கமும் இரு சக்கர வண்டிகள் ஈசல் போல் பறக்கும். நாள் முழுவதும் இயந்திரத்தோடு மல்லுக்கு நின்ற பிள்ளைகள், சோற்றையும் பாயையும் நினைத்துக்கொண்டு வீடு திரும்பும் வேளை அது. நமது வீட்டுக்கு நாலாவது வீட்டுப் பையனும் அவர்களில் ஒருவன். நம்மிடம் பத்தாம் வகுப்பில் படித்தவன். ஓர் இரவு, தன்னுடன் வேலை செய்யும் பிஹார் தேசத்துப் பையனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான். வழியில் வாகனச் சோதனை. எந்த இடம், எந்த ஸ்டேஷன் என்பதெல்லாம் இங்கே அவசியமில்லை. இது ஓரிடத்துக் கதையன்று.

லைசென்ஸைக் கேட்டார்கள். கைப்பேசியில் இருந்த பிரதியைக் காட்டினான். கைப்பேசியை வாங்கிக்கொண்டவர் லைசென்ஸைப் பார்த்ததோடு நிற்கவில்லை; படங்களையும் கடிதப் போக்குவரத்தையும் தள்ளித் தள்ளிப் பார்க்கலானார். அந்த வாரத்தில் அப்பக்கம் இரண்டு சங்கிலித் திருட்டுகள் நடந்திருந்தனவாம். "ஸ்டேஷனுக்கு வா, விசாரித்துவிட்டு அனுப்பிவிடுகிறோம்" என்றார்கள். போனார்கள். இரவு ஒரு மணி வரையில் இருவரும் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் ஆளுக்கொரு வெற்றுக் காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "கூப்பிட்டால் வர வேண்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடிக்கவில்லை, வையவும் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மறு நாள் காலையில் பையனுடைய தகப்பனார் நமது வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்.

"வாத்தியார் ஸார்! ஒன்றும் எழுதாத காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்களாம். அது சரிதானா? நீங்கள் படித்தவர், சொல்லுங்கள்" என்றார்.

நாம் சர்வகலாசாலையில் பட்டம் வாங்கியவர். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு அடிப்படை உரிமைகளைப் பாடம் சொல்லி வருகிறவர். ஆனால் அந்தக் கேள்விக்கு நமக்கு விடை தெரியவில்லை. "பார்க்க வேண்டும்" என்று இழுத்தோம். தூண் ஓரத்தில் நின்றிருந்த பையன் அப்பொழுது மெதுவாகச் சொன்னான்:

"ஸார், அரசியல் சட்டம் 22-வது ஷரத்து என்று பரீட்சையில் எழுதினேன். ஐந்துக்கு ஐந்து போட்டீர்கள். நேற்று ராத்திரி அது ஞாபகமும் வந்தது. ஆனால் அதை அவர்களிடம் எப்படிப் பேசுவது என்றுதான் தெரியவில்லை."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை இதைவிட மரியாதையாக ஒரு மாணவன் தன் ஆசிரியருக்குச் சொல்ல முடியாது. அன்று மாலையே நாம் வக்கீல் நண்பர் ஒருவரிடம் போய், பையனைப் போல் கை கட்டி உட்கார்ந்து பாடம் கேட்டோம். அங்கே கற்றதை நேயர்களுக்கும் சொல்லுகிறோம்.

முதலில் நமது கடமைகள். உரிமை பேசுகிறவன் கடமையில் வழுக்கினால் அவன் பேச்சு எடுபடாது. சாலையில் போலீஸார் கை காட்டினால் வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டும். தப்பி ஓடுவது உரிமையும் அல்ல, புத்திசாலித்தனமும் அல்ல. 2018-ம் வருஷம் மார்ச்சு 7-ந் தேதி திருச்சிக்கு அருகே துவாக்குடியில், தலைக்கவசம் இல்லாமல் சென்ற ஒரு தம்பதியைத் துரத்திச் சென்ற இன்ஸ்பெக்டர் வண்டியை உதைக்க, அந்தப் பெண்மணி சாலையில் விழுந்து உயிரிழந்தாள். உதைத்தது பெருங்குற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், நின்று இரண்டு வார்த்தை பேசுவது, ஓடுவதைவிடப் பத்திரமானது என்பதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 130-வது பிரிவுப்படி, சீருடை அணிந்த போலீஸ் அதிகாரி கேட்டால் லைசென்ஸைக் காட்டியே ஆக வேண்டும். "சீருடை அணிந்த" என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். காகிதமாகத்தான் காட்ட வேண்டும் என்பதில்லை. 2018-ல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதி 139-ன்படி, டிஜிலாக்கர், எம்பரிவாஹன் முதலிய ஸர்க்கார் செயலிகளில் உள்ள மின்னணுப் பத்திரமும் செல்லும். குடித்திருக்கிறானா என்று அறிய மூச்சை ஊதச் சொன்னால் ஊத வேண்டும். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் சாராயச் சத்து இருந்தால் குற்றம். பெயரும் விலாசமும் கேட்டால் உள்ளபடி சொல்லிவிட வேண்டும். தலைக்கவசம் இல்லாவிட்டால் அபராதம் 1,000 ரூபாய். பின்னால் உட்காருகிறவருக்கும் அது உண்டு. நமது பையனுடைய சிநேகிதன் தலையில் கவசம் இல்லை. ஆகவே அன்றிரவு அவர்கள் பக்கத்திலும் ஒரு பிழை இருந்தது.

இனி உரிமைகளுக்கு வருவோம். அபராதம் கட்டினால் ரசீது அல்லது சலான் கேட்டு வாங்கலாம். லைசென்ஸையே அதிகாரி எடுத்து வைத்துக்கொண்டால், அதற்குத் தற்காலிக ஒப்புச்சீட்டு கொடுக்க வேண்டும் என்று 206-வது பிரிவு சொல்லுகிறது. லைசென்ஸ் பார்க்கும் அதிகாரத்தில், கைப்பேசியிலுள்ள படங்களையும் கடிதங்களையும் பார்க்கும் அதிகாரம் அடங்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு கிடையாது. அந்தரங்கம் என்பதும் அடிப்படை உரிமையே என்று 2017-ம் வருஷம் ஆகஸ்டு 24-ந் தேதி ஸுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாகத் தீர்ப்பளித்திருக்கிறார்கள். "ஐயா, லைசென்ஸை நானே திறந்து காட்டுகிறேன்" என்று கைப்பேசியைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு காட்டுவதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

அடுத்தது, "ஸ்டேஷனுக்கு வா" என்ற கட்டம். இங்கேதான் ஒரே ஒரு கேள்வி கேட்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றார் வக்கீல் நண்பர்: "ஐயா, என்னைக் கைது செய்கிறீர்களா? என்ன காரணத்துக்காக?"

கைது இல்லை என்றால், விசாரணைக்கு அழைப்பது எழுத்து மூலமாக இருக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இந்த விதி தொடர்கிறது. சாட்சி விசாரணை என்றால் 179-வது பிரிவு பேசுகிறது. பெண்கள், 15 வயதுக்குக் குறைந்த பையன்கள், 60 வயதைத் தாண்டிய ஆண்கள், அங்கஹீனர்கள், கடும் நோயாளிகள் ஆகியோரை அவர்கள் வீட்டைத் தவிர வேறிடத்துக்கு வரும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அதன் நிபந்தனை. ஏழு வருஷம் வரையில் தண்டனை உள்ள குற்றங்களில், அவசியம் இல்லாமல் கைது செய்யாமல், ஆஜராகும்படி 35-வது பிரிவின் கீழ் நோட்டீஸ் கொடுப்பதே முறை. இதை 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் ஸுப்ரீம் கோர்ட்டு வெகு கண்டிப்பாக வற்புறுத்தியிருக்கிறது.

கைதுதான் என்றால், பையன் பரீட்சையில் எழுதிய 22-வது ஷரத்து வேலை செய்யத் தொடங்குகிறது. காரணத்தைச் சொல்ல வேண்டும். விரும்பும் வக்கீலைக் கலந்துகொள்ள விட வேண்டும். பிரயாண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டின் முன் கொண்டு நிறுத்த வேண்டும். கைது செய்யும் அதிகாரி தம் பெயர் தெளிவாகத் தெரியும் அடையாளம் அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு ஒன்று எழுதி, குடும்பத்தாரில் ஒருவரோ அவ்விடத்துக் கௌரவமான மனிதர் ஒருவரோ அதில் சாட்சிக் கையெழுத்திட வேண்டும். உறவினருக்கோ சிநேகிதருக்கோ தகவல் சொல்ல வேண்டும். டாக்டரிடம் காட்ட வேண்டும். அரிய சந்தர்ப்பங்களில் தவிர, பெண்களைச் சூரியன் அஸ்தமித்த பின்னும் உதயமாகும் முன்னும் கைது செய்யக் கூடாது.

இவற்றில் பல, தாமாகச் சட்டத்தில் முளைத்தவை அல்ல. 1986-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், மேற்கு வங்காளத்துச் சட்ட உதவிச் சங்கத்தின் தலைவர் டி. கே. பாஸு என்பவர், லாக்கப் மரணங்களைப் பற்றிய பத்திரிகைச் செய்திகளைச் சுட்டி, பிரதம நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே வழக்காக ஏற்கப்பட்டு, 1996-ம் வருஷம் டிசம்பர் 18-ந் தேதி 11 கட்டளைகளாகப் பலன் தந்தது. ஒரு தபால் உறைக்குப் பத்து வருஷம் பிடித்தது, ஆனால் பலித்தது. பத்திரிகையைப் படித்து "ஐயோ பாவம்" என்று மடித்து வைப்பதற்கும், படித்துவிட்டுக் கடிதம் எழுதுவதற்கும் உள்ள வித்தியாசத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

இனி, தகப்பனார் கேட்ட கேள்வி. வெற்றுக் காகிதத்தில் கையெழுத்து வாங்கலாமா? வாங்கக் கூடாது. வெற்றுக் காகிதம் இருக்கட்டும். புலன் விசாரணையில் ஒருவன் போலீஸாரிடம் சொல்வதை எழுதி நிரப்பிய காகிதத்தில்கூட, சொன்னவனுடைய கையெழுத்தை வாங்கக் கூடாது என்று 181-வது பிரிவு சொல்லுகிறது. கைதுக் குறிப்பு முதலிய சிலவற்றுக்குத்தான் கையெழுத்து உண்டு; அதுவும் படித்துப் பார்த்த பிறகு. மேலும், போலீஸாரிடம் செய்த குற்ற ஒப்புதல் கோர்ட்டில் சாட்சியம் ஆகாது. அதன் மூலம் ஏதேனும் பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதைச் சார்ந்த பகுதி மட்டுமே ஏற்கப்படும்.

"ஸர்க்கார் தன் போலீஸாரையே நம்பாத மாதிரி இருக்கிறதே, இது என்ன விசித்திரம்?" என்று கேட்டோம்.

"இந்த விசித்திரத்துக்குக் காரணமே நம் சென்னை ராஜதானிதான்" என்றார் நண்பர்.

அது ஒரு பழைய கதை. கம்பெனி ஆட்சியின் கடைசி நாட்களில், வரி வசூலுக்கும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்கும், நம் ஜில்லாக்களில் குடியானவர்களைச் சித்திரவதை செய்வது சாதாரணமாக இருந்தது. விரல்களைக் கிட்டியில் இட்டு நெரிப்பார்கள். வெயிலில் குனிந்து நிற்க வைப்பார்கள். காஜுலு லக்ஷ்மிநரசு செட்டியார் 1852-ல் ஸ்தாபித்த சென்னைச் சுதேசிகள் சங்கம், குடிகளின் குறைகளைப் பார்லிமெண்டுக்கு மனுவாக எழுதி அனுப்பியது. டான்பி ஸெய்மூர் என்ற பார்லிமெண்டு அங்கத்தினர் 1853-ல் இங்கே வந்தபோது, செட்டியார் அவரைக் கிராமங்களுக்கு அழைத்துச் சென்று நிலைமையைக் காட்டினார். கடைசியில் ஸர்க்காரே ஒரு விசாரணைக் கமிஷனை நியமிக்க வேண்டியதாயிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் வந்து குவிந்தன. சித்திரவதை நடப்பது உண்மை என்று 1855-ல் கமிஷன் அறிக்கை கொடுத்தது. பின்னர் 1861-ம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், போலீஸாரிடம் செய்த ஒப்புதல் செல்லாது என்ற விதி ஏறியது. 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்திலும் நிலைத்தது. இன்றைய பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23-வது பிரிவிலும் அது இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத நம் முன்னோர்கள், கமிஷன் முன் வந்து வாய் திறந்து சொன்னதன் பலனை நாம் இன்றும் அனுபவித்து வருகிறோம்.

அந்த விதியை ஒரு காலத்தில் தளர்த்திப் பார்த்தார்கள். என்ன ஆயிற்று என்பதற்கும் வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. பூந்தமல்லியிலேயே இருக்கிறது. 1987-ம் வருஷத்துத் தடாச் சட்டத்தின் 15-வது பிரிவு, போலீஸ் சூப்பிரண்டெண்டிடம் செய்த ஒப்புதல் சாட்சியமாகும் என்று சொல்லிற்று. 1991-ம் வருஷம் மே 21-ந் தேதி, ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்டார். தேசமே துடித்தது. அந்தக் கொடுமைக்குச் சமாதானம் எதுவும் கிடையாது. வழக்கு பூந்தமல்லி விசேஷக் கோர்ட்டில் நடந்து, 1998 ஜனவரி 28-ந் தேதி 26 பேருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அடுத்த வருஷம் மே 11-ந் தேதி ஸுப்ரீம் கோர்ட்டு அவர்களில் 19 பேரை விடுவித்து, நால்வருக்கு மட்டும் தூக்கை உறுதி செய்தது. மூவருக்கு ஆயுள் தண்டனை.

அந்த நால்வரில் ஒருவர் பேரறிவாளன். பிடிபட்டபோது வயது 19. விசாரித்துவிட்டு மறு நாள் அனுப்பிவிடுவதாகச் சொல்லி அழைத்துச் சென்றார்கள் என்று அவர் தாயார் அற்புதம் அம்மாள் பலமுறை சொல்லியிருக்கிறார். இரண்டு பாட்டரிகள் வாங்கிக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. போலீஸ் அதிகாரி எழுதிக்கொண்ட ஒப்புதல் வாக்குமூலம்தான் அவ்வழக்கின் உயிர்நிலை. அந்த வாக்குமூலத்தை எழுதிய அதிகாரியே, ஓய்வு பெற்ற பின் 2013-ல் ஓர் உண்மையை வெளியிட்டார். பாட்டரிகள் எதற்காக என்று தமக்குத் தெரியாது என்று அந்த இளைஞர் சொன்னாராம். அந்த வாக்கியத்தைத் தாம் எழுதாமல் விட்டுவிட்டதாக அதிகாரி ஒப்புக்கொண்டார். தூக்கு 2014-ல் ஆயுள் தண்டனையாக மாறியது. 2022-ம் வருஷம் மே 18-ந் தேதி ஸுப்ரீம் கோர்ட்டு அவரை விடுதலை செய்தது. அது நிரபராதி என்ற தீர்ப்பு அன்று. கருணை மனுவில் ஏற்பட்ட தாமதம் முதலிய காரணங்களைக் கருதிச் செய்த விடுதலை. அந்த வழக்கைப் பற்றி நேயர்கள் என்ன அபிப்பிராயம் கொண்டிருந்தாலும் சரி, ஒன்றை மட்டும் சிந்தித்துப் பார்க்க வேண்டும். ஒரு காகிதத்தில் ஒரு வாக்கியம் விடுபட்டது. நடுவில் கழிந்தவை 30 வருஷங்களுக்கு மேல்.

வாக்கியம் விடுபட்ட காகிதமே இப்படி என்றால், ஒன்றுமே எழுதாத காகிதத்தைப் பற்றி என்ன சொல்வது?

வீடு திரும்பி இவற்றைத் தகப்பனாரிடம் சொன்னோம். அவர் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். உலகம் தெரிந்தவர். நிதானமாகக் கேட்டார்: "எல்லாம் சரி, வாத்தியார் ஸார்! சட்டம் பேசுகிற பிள்ளைக்குத்தானே இரண்டு அடி கூட விழும்? சாத்தான்குளத்தில் என்ன நடந்தது?"

இதை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. 2020-ம் வருஷம் ஜூன் 19-ந் தேதி, ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்ததாகச் சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும், ஜூன் 22, 23 தேதிகளில் அடுத்தடுத்து இறந்தார்கள். மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்தியும் அவர்களுக்குக் காப்பு இல்லாமல் போயிற்று. உரிமை தெரிந்தால் எவனும் கை வைக்க மாட்டான் என்று நாம் பொய் சொல்லப் போவதில்லை. ஆனால் அதே சம்பவத்தில் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த ஸ்டேஷனிலேயே வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர், விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம் தாம் கண்டதைச் சொன்னார். ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. போலீஸாரிலும் வாயுள்ளவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு அது அத்தாட்சி.

ஆகவே வாயை எப்படித் திறப்பது என்பதுதான் விஷயம். குரல் உயர வேண்டாம். பிரிவு எண்களைக் கல்லைப் போல் எறிய வேண்டாம். "ஐயா" என்று தொடங்கி, ஒரே கேள்வியை, ஒரே நிதானத்தில், இரண்டு மூன்று தரம் கேட்டால் போதும். கையைத் தட்டிவிடுவதும் திமிறுவதும் கூடவே கூடாது. அநியாயமான கைதையும் கோர்ட்டில்தான் எதிர்க்க வேண்டும், சாலையில் அல்ல. வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அதிகாரியின் பெயரையும் நேரத்தையும் நினைவில் வைக்க வேண்டும். அடி விழுந்திருந்தால் டாக்டரிடமும் மாஜிஸ்திரேட்டிடமும் அஞ்சாமல் சொல்ல வேண்டும். போலீஸ் ஸ்டேஷன்கள் எல்லாவற்றிலும் காமிராக்கள் வைத்து, பதிவுகளை 18 மாதமும், இயலாவிட்டால் குறைந்தது ஒரு வருஷமும் பாதுகாக்க வேண்டும் என்று ஸுப்ரீம் கோர்ட்டு 2020 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. அந்தப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி உடனே மனுக் கொடுக்கலாம். 2022 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஆவடிக்கென்றே தனிப் போலீஸ் கமிஷனர் இருக்கிறார். மேலதிகாரிக்கு முறையிட நம் பக்கத்தவர்கள் வெகு தூரம் போக வேண்டியதில்லை. மாநில மனித உரிமைக் கமிஷனும் உண்டு. வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று மனம் சோர வேண்டாம். காவலில் உள்ள எவருக்கும், எல்லாப் பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் தொலைபேசி எண் 15100. அடுக்களைச் சுவரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் அதை எழுதி வைத்தால் வீடு ஒன்றும் அழகு குறைந்துவிடாது.

மறு நாள் நாம், தகப்பனார், பையன் மூவரும் ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி நடுத்தர வயதுடையவர். இரவெல்லாம் விழித்த கண்கள். "ஐயா, இந்தப் பிள்ளை மீது வழக்கு ஏதேனும் உண்டா? இல்லையென்றால் கையெழுத்து வாங்கிய காகிதத்தைத் திருப்பித் தரலாமா?" என்று கேட்டோம். நாம் இன்ன பள்ளிக்கூடத்து ஆசிரியர் என்பதையும் இடையில் சொல்லி வைத்தோம். அவர் நாற்காலி போடச் சொன்னார். காகிதத்தை எடுத்து வரச் செய்து கையில் கொடுத்தார். தலைக்கவச அபராதம் 1,000 ரூபாயைக் கட்டி ரசீது பெற்றுக்கொண்டோம். எல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்தது. வெற்றி வீரனைப் போல் நாம் வெளியே வந்தோம்.

வாசலில் பையன் நின்றுவிட்டான்.

"ஸார், அவனுடைய காகிதம்?" என்றான்.

நமக்குச் சுருக்கென்றது. அந்தப் பிஹார்ப் பையனும் கையெழுத்துப் போட்டிருந்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது. தகப்பனார் ஊரில் இருக்கிறார். வெள்ளை வேஷ்டி கட்டிய வாத்தியார் அவனுக்கு எவரும் இல்லை. நாம் அவனை மறந்தே போயிருந்தோம். 22-வது ஷரத்து "பிரஜை" என்று சொல்லவில்லை, "நபர்" என்றுதான் சொல்லுகிறது. கைதின் காரணத்தை அவரவருக்குப் புரியும் பாஷையில் எழுதியே கொடுக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் ஸுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. முந்திய நாள் மாலைதான் இவ்வளவையும் கேட்டு வந்தோம். கேட்டு என்ன? நமக்கு நாற்காலி கிடைத்தது சட்டத்தினால் அல்ல, வேஷ்டியினாலும் உத்தியோகத்தினாலும்தான் என்பது அந்த வாசலில் விளங்கிற்று. வேஷ்டியால் கிடைப்பது சலுகை. யாராயிருந்தாலும் கிடைப்பதுதான் உரிமை.

"நான் போய்க் கேட்கிறேன், ஸார்" என்றான் பையன். நாம் உடன் எழுந்தோம். "வேண்டாம் ஸார், நீங்கள் இங்கேயே இருங்கள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

நாம் வேப்ப மரத்தடியில் காத்துக்கொண்டிருந்தோம். இருபது வருஷமாக வகுப்பறையில், "எதிர்த்துப் பேசாதே", "கேள்வி கேட்காதே, சொன்னதை எழுது" என்று எத்தனை முறை சொல்லியிருப்போம் என்று எண்ணிப் பார்த்தோம். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டார்கள் என்ற பழமொழியை நாமே எத்தனை தரம் பிரம்பும் கையுமாகச் சொல்லியிருப்போம்! பிள்ளைகளை அடிப்பதை 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் தடுத்துவிட்டது. ஆனால் கேள்வி கேட்பதே துடுக்குத்தனம் என்ற எண்ணத்தை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. வீட்டிலும் பள்ளியிலும் பதினைந்து வருஷம் வாயைக் கட்டி வளர்த்த பிள்ளை, நள்ளிரவில், நடுச்சாலையில், தொப்பி வைத்த ஒருவர் எதிரில் திடீரென்று வாய் திறப்பான் என்று எதிர்பார்ப்பது எப்படி நியாயமாகும்?

இப்பொழுது சனிக்கிழமை தோறும் நமது வகுப்பில் ஒரு மணி நேரம் நாடகம் நடக்கிறது. ஒருவன் இன்ஸ்பெக்டர், ஒருவன் வண்டிக்காரன். முதல் வாரம் இன்ஸ்பெக்டர் வேஷக்காரர்கள் எல்லோரும் நம்மைப் போலவே உறுமினார்கள். அதைக் கண்டு நாம் வெட்கப்பட்டது நிஜம். வண்டிக்காரர்கள் இன்னும் தடுமாறுகிறார்கள். ஆயினும் "ஐயா, என்ன காரணம்?" என்ற மூன்று வார்த்தைகள் வர ஆரம்பித்திருக்கின்றன. நேயர்களும் தங்கள் வீட்டுக் கூடத்தில் இதைச் செய்து பார்க்கலாம். பெண் குழந்தைகளையும் விட்டுவிடக் கூடாது.

அன்று பையன் பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தான். முகம் சற்று வெளுத்திருந்தது. கையில் மடித்த காகிதம் இருந்தது.

"என்ன சொன்னார்கள்?" என்று கேட்டோம்.

"முதலில் யார் நீ என்று கேட்டார்கள், ஸார். சிநேகிதன் என்றேன். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை" என்றான்.

அந்தக் காகிதத்தை அவன் நம்மிடம் கொடுக்கவில்லை. உரியவனிடமே கொடுக்க வேண்டும் என்று சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, வேலைக்கு நேரமாகிவிட்டதென்று புறப்பட்டுப் போய்விட்டான்.